அனலாக் கணினி தோற்றது துல்லியக் குறைவாலா? இனி அதற்கு இடம் உண்டா?

#1 | தேடலன்

"முதலில் அனலாக் கணினிகள் இருந்தன, துல்லியம் போதவில்லை, டிஜிட்டல் வந்தது, கதை முடிந்தது." பாடநூல்களில் இருப்பது இவ்வளவுதான். (அனலாக் கணினி என்றால் எண்களை இலக்கங்களாக அல்லாமல் மின்னழுத்தம், சுழற்சி போன்ற தொடர் அளவுகளாக வைத்துக் கணக்கிடுவது.) இப்போது செயற்கை நுண்ணறிவுச் சில்லுகள் பற்றி எதைத் திறந்தாலும் அனலாக் திரும்பி வருகிறது என்று எழுதியிருக்கிறது. துல்லியம் போதாமல் போன ஒன்று எப்படித் திரும்பி வரும்? விவரம் தெரிந்தவர்கள் எண்களோடு சொன்னால் நல்லது.

#2 | பேட்ச்வயர்

அந்தக் காலவரிசையே சரியில்லை. எனியாக் என்ற மின்னணு டிஜிட்டல் கணினி 1945-ல் தயாரானது. மின்னணு அனலாக்கின் செழிப்பான காலமோ அதற்குப் பிந்தைய 1950-களும் 60-களும்தான். இரண்டும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் ஓடின.

அனலாக்கின் வரலாறு பெரும்பாலும் ஒரே உறுப்பின் வரலாறு. அது இன்டெக்ரேட்டர், மாறிக்கொண்டே இருக்கும் ஓர் அளவைக் காலப்போக்கில் கூட்டிக்கொண்டே போகும் உறுப்பு. ஜேம்ஸ் தாம்சன் 1876-ல் வட்டு, கோளம், உருளை மூன்றையும் வைத்து ஒன்றை வெளியிட்டார். அவருடைய தம்பி கெல்வின் பிரபு, அவற்றைத் தொடராகக் கோத்தால் வகைக்கெழுச் சமன்பாடுகளையே தீர்க்கலாம் என்று அதே ஆண்டில் எழுதிவிட்டார். ஆனால் செய்ய முடியவில்லை. உருளையை உருட்டுவது வெறும் உராய்வு. அந்தச் சுழல்விசை அடுத்த இன்டெக்ரேட்டரை இழுக்கப் போதாது, இழுத்தால் வழுக்கும், வழுக்கினால் விடை தப்பு. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் யோசனை காகிதத்திலேயே கிடந்தது. கப்பலில் கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் தத்துவத்தில் அமைந்த சுழல்விசைப் பெருக்கி வந்த பிறகுதான், எம்ஐடியில் வன்னெவார் புஷ் 1931-ல் ஆறு இன்டெக்ரேட்டர்கள் கொண்ட டிஃபரன்ஷியல் அனலைசரை முடித்தார்.

மின்னணுவிலும் அதே சிக்கல் வேறு உருவில் வந்தது. ஹாரல்ட் பிளாக் 1927-ல் கண்ட எதிர்ப் பின்னூட்டம் மின்னணுப் பெருக்கியின் ஈட்டத்தை, அதாவது எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதை, கட்டுக்குள் கொண்டுவந்தது. ஆனால் வால்வுப் பெருக்கியின் பூஜ்யம் மெல்ல நகரும், இன்டெக்ரேட்டரோ அந்த நகர்வையும் சேர்த்தே கூட்டும். 1949-ல் எட்வின் கோல்ட்பர்க்கின் சாப்பர் நிலைப்படுத்தல் வந்ததும் அது அடங்கியது. ஃபில்ப்ரிக் நிறுவனத்தின் கே2-டபிள்யூ பெருக்கி 1950-களின் தொடக்கத்தில் வந்தது. இரண்டு 12ஏஎக்ஸ்7 வால்வுகள், கூட்டல் கழித்தல் 300 வோல்ட் மின்வழங்கல், சொருகிக் கழற்றும் அடிப்பாகம். ஒப்-ஆம்ப், அதாவது இன்டெக்ரேட்டர் கட்டப் பயன்படும் அந்தப் பெருக்கி, கடையில் வாங்கும் சரக்கானது அப்போதுதான்.

தோற்றதற்குக் காரணம் துல்லியம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அன்றைய பயனர்களின் சிக்கல்களில், அதாவது விமானக் கட்டுப்பாடு, அணு உலை, வேதி ஆலை போன்றவற்றில், உள்ளீட்டுத் தரவே இரண்டு மூன்று இலக்கத்துக்கு மேல் நம்பகமாக இருக்காது. கொன்றது அளவீடு, அதாவது ஸ்கேலிங். ஒவ்வொரு மாறியும் இயந்திரத்தின் 100 வோல்ட்டுக்குள் (டிரான்சிஸ்டர் வந்த பிறகு 10 வோல்ட்டுக்குள்) நிற்க வேண்டும், ரொம்பச் சிறிதாகி இரைச்சலில் மூழ்கவும் கூடாது. அதற்கு விடையின் உச்ச அளவு முன்பே தெரிந்திருக்க வேண்டும், விடைக்காகத்தானே இயந்திரத்திடமே போகிறோம்! ஐபிஎம் 704 கணினியில் மிதவைப்புள்ளி (புள்ளி எங்கே என்பதை எண்ணோடு சேர்த்தே வைக்கும் முறை) வன்பொருளிலேயே வந்தது, 1957-ல் ஃபோர்ட்ரான் நிரல்மொழி வந்தது. சமன்பாட்டை எழுதினால் போதும், அளவீடு தானாக நடக்கும்.

இன்னொரு காரணம், அனலாக்கில் பத்து மடங்கு பெரிய சிக்கலுக்குப் பத்து மடங்கு பெரிய இயந்திரம் வேண்டும். டிஜிட்டலில் அதே இயந்திரம் பத்து மடங்கு நேரம் ஓடினால் ஆயிற்று. நேரம் மலிவாகிக்கொண்டே வந்தது, அலமாரி மலிவாகவில்லை.

#3 | இரும_எண்

அளவீடு பற்றி மறுப்பில்லை. ஆனால் துல்லியத்தை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. நல்ல ரெசிஸ்டர், வெப்பநிலை நிலைப்படுத்திய பெட்டிக்குள் கெப்பாசிட்டர் என்றெல்லாம் செய்து பெரிய இயந்திரங்கள் எட்டியது சுமார் 0.01 சதவீதம், அதாவது நான்கு இலக்கம். இரட்டைத் துல்லிய மிதவைப்புள்ளி ஏறக்குறைய 16 இலக்கம்.

அதைவிட முக்கியமானது மீட்டெடுப்பு. டிஜிட்டல் கதவு ஒவ்வொன்றும் தன் உள்ளீட்டில் இருக்கும் இரைச்சலைத் துடைத்துவிட்டு, சுத்தமான 0 அல்லது 1-ஐ அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிறது. ஆயிரம் கட்டம் தாண்டினாலும் பிழை சேராது. அனலாக்கில் ஒவ்வொரு கட்டமும் தன் பங்குக்குக் கொஞ்சம் அழுக்கைச் சேர்க்கும். ஆழமான கணக்கு ஓடாததற்கு அதுதான் காரணம், அளவீடு அல்ல. இன்னும் ஒன்று: அதே கணக்கை நாளை ஓட்டினால் கடைசி இலக்கம்வரை அதே விடை வர வேண்டும். பிழை தேடுவதற்கு அந்த உத்தரவாதம் இல்லாமல் மென்பொருள் என்ற தொழிலே கிடையாது.

#4 | பேட்ச்வயர்

மீட்டெடுப்பு நல்ல வாதம், ஒத்துக்கொள்கிறேன். 16 இலக்கம் எல்லா இடத்திலும் 16 இலக்கமாக உழைப்பதில்லை என்பதை மட்டும் ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன்.

எட்வர்ட் லோரென்ஸின் 1963 சமன்பாடுகளை எடுத்துக்கொள்வோம், வழக்கமான 10, 28, 8/3 குணகங்களோடு. எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று மாறிகள், தொடக்கத்தில் இருக்கும் சின்ன வேறுபாடும் பெரிதாகிவிடும் வகை. சின்னப் பிழை சராசரியாக ஒவ்வொரு 1.1 காலஅலகுக்கும் 2.7 மடங்காகிறது. ஒரு சதவீதப் பிழையோடு தொடங்கும் அனலாக் சுற்று சுமார் 5 காலஅலகில் உண்மையான பாதையை விட்டு விலகும். 16 இலக்கத்தோடு தொடங்கும் டிஜிட்டல் சுமார் 40 அலகில் விலகும். பதினான்கு இலக்கம் கூடுதலாகக் கொடுத்து வாங்கியது 35 அலகு. அதற்குப் பிறகு இரண்டுமே தனித்தனிப் பாதையில்தான் போகும். பாதைகளின் மொத்த வடிவமோ, அந்தப் பட்டாம்பூச்சிச் சிறகு, இரண்டிலும் ஒன்றுதான்.

#5 | தேடலன்

இதைக் கையால் கட்டிப் பார்க்க முடியுமா? எத்தனை ஒப்-ஆம்ப் வேண்டும்?

#6 | பேட்ச்வயர்

மூன்று ஒப்-ஆம்ப், இரண்டு பெருக்கி (இங்கே இரண்டு மின்னழுத்தங்களை ஒன்றோடொன்று பெருக்கித் தரும் சில்லு). இணையத்தில் கிடைக்கும் பல சுற்றுகளில் தேவையில்லாத இன்வெர்ட்டர்கள், அதாவது குறியை மட்டும் திருப்பும் ஒப்-ஆம்ப் சுற்றுகள், இருக்கும். குறிகளைப் பார்த்துத் தேர்ந்தால் ஒன்றுகூட வேண்டாம்.

அளவீடு முதலில். எக்ஸ் சுமார் ±20, ஒய் ±27, இசட் 0 முதல் 48 வரை போகும். ஆகவே எக்ஸையும் ஒய்யையும் 30-ஆல் வகுங்கள், இசட்டை 50-ஆல். இயந்திர அலகு 1 என்பது 10 வோல்ட். பிறகு காலத்தைப் பத்து மடங்கு மெதுவாக்கினால் கிடைப்பது:

எக்ஸ்′ = ஒய் − எக்ஸ்
ஒய்′ = 2.8 எக்ஸ் − 0.1 ஒய் − 5 எக்ஸ்·இசட்
இசட்′ = 1.8 எக்ஸ்·ஒய் − 0.267 இசட்

ஒப்-ஆம்ப் இன்டெக்ரேட்டர் குறியைத் திருப்பும். எனவே மூன்றின் வெளியீடுகளை +எக்ஸ், −ஒய், +இசட் என்று வையுங்கள். இப்போது எல்லா உள்ளீடும் சரியான குறியோடு தானாகவே கிடைத்துவிடுகிறது.

முதல் இன்டெக்ரேட்டர்: +எக்ஸ் 100 கிலோ ஓம் வழியாக, −ஒய் 100 கிலோ ஓம் வழியாக.
இரண்டாவது: +எக்ஸ் 35.7 கிலோ ஓம், −ஒய் 1 மெகா ஓம், −எக்ஸ்·இசட் 20 கிலோ ஓம்.
மூன்றாவது: −எக்ஸ்·ஒய் 55.5 கிலோ ஓம் (49.9-உம் 5.6-உம் தொடராக), +இசட் 374 கிலோ ஓம்.

மூன்றிலும் கெப்பாசிட்டர் 10 நானோ ஃபாரட், பாலிபுரோப்பிலீன் வகை. ஒப்-ஆம்ப் டிஎல்074 ஒன்று போதும், அதில் நான்கு உண்டு. நான்காவதன் வெளியீட்டை அதன் எதிர் உள்ளீட்டோடு இணைத்து, நேர் உள்ளீட்டைத் தரையில் போட்டுவிடுங்கள். பெருக்கி ஏடி633 இரண்டு. அது பெருக்கலை 10 வோல்ட்டால் வகுத்தே தருவதால் நம் இயந்திர அலகோடு அப்படியே பொருந்துகிறது. எக்ஸையும் −ஒய்யையும் கொடுத்தால் −எக்ஸ்·ஒய் நேரடியாக வரும். −எக்ஸ்·இசட்டுக்கு மட்டும் ஒரு பக்கத்தின் நேர், எதிர் உள்ளீடுகளை மாற்றிப் போட வேண்டும். மாற்ற மறந்தால் சுற்று சிறகு வரையாது, மின்வழங்கலின் விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான 'வேலை செய்யவில்லை' புகார்களின் காரணம் இதுதான்.

மின்வழங்கல் ±15 வோல்ட், ஒவ்வொரு சில்லின் அருகிலும் 100 நானோ ஃபாரட். ஆஸிலோஸ்கோப்பை எக்ஸ்-ஒய் முறையில் வைத்து எக்ஸும் இசட்டும் கொடுங்கள். ஒரு காலஅலகு 10 மில்லிவினாடி, சிறகில் ஒரு சுற்று ஏறக்குறைய 7 மில்லிவினாடி. தொடக்க மதிப்பு எதுவும் கொடுக்க வேண்டாம். பூஜ்யம் நிலையற்ற சமநிலை, ஒப்-ஆம்பின் ஆஃப்செட்டே (உள்ளீடு பூஜ்யமாக இருந்தாலும் இருக்கும் சின்ன மின்னழுத்தப் பிழை) தள்ளிவிட்டுவிடும்.

#7 | சீசா

ஒரு சிறகுல மட்டும் ரொம்ப நேரம் சுத்திட்டு எப்பவாவது அடுத்ததுக்குத் தாவுது. ரெண்டும் சமமாத்தானே இருக்கணும்? ரெசிஸ்டர் எல்லாம் 1 சதவீதம்தான்.

#8 | ஓம்விதி

ரெசிஸ்டர் பிழை சமச்சீரைக் கெடுக்காது, குணகங்களை மட்டும் கொஞ்சம் நகர்த்தும். சமச்சீரைக் கெடுப்பது ஆஃப்செட். டிஎல்074-க்கு வழக்கமாக 3 மில்லிவோல்ட். இரண்டாவது இன்டெக்ரேட்டரில் மூன்று ரெசிஸ்டரும் இணையாக அதைப் பார்ப்பதால் சுமார் 8 மடங்காகி 24 மில்லிவோல்ட் உள்ளீடு போல நடக்கும். அதைவிடப் பெரிய குற்றவாளி ஏடி633. அதன் வெளியீட்டு ஆஃப்செட் வழக்கமாக 5 மில்லிவோல்ட் என்றாலும் 50 வரை போகலாம். அது 5 மடங்கு ஈட்டத்துக்குள் நுழைகிறது, மோசமான சில்லு என்றால் 250 மில்லிவோல்ட்.

திருத்தம் எளிது. எக்ஸ்·இசட் பெருக்கியின் இசட் காலை (நம் மாறி இசட் அல்ல, விடையோடு கூட்டப்படும் உள்ளீட்டுக்குச் சில்லில் இருக்கும் பெயர்) தரையிலிருந்து எடுங்கள். ±15 வோல்ட்டுக்கு இடையே ஒரு பொட்டென்ஷியோமீட்டர், அதன் நடுக்காலிலிருந்து 300 கிலோ ஓம், தரைக்கு 1 கிலோ ஓம், அந்தச் சந்தியை இசட் காலுக்கு. ±50 மில்லிவோல்ட் கிடைக்கும். சிறகுகள் சமமாகும்வரை திருப்புங்கள்.

பலரும் வேகத்தைக் கூட்டினால் ஆஃப்செட் தொல்லை குறையும் என்று நினைக்கிறார்கள். குறையாது. நகர்வின் வேகம் ஆஃப்செட்டை ஆர்சியால் (ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் மதிப்புகளின் பெருக்கல்) வகுத்த அளவு, கணக்கின் வேகமும் அதே ஆர்சியால்தான் நிர்ணயமாகிறது. ஒரு காலஅலகுக்கு 3 மில்லிவோல்ட் என்பது எந்த வேகத்திலும் 3 மில்லிவோல்ட்தான். கெப்பாசிட்டர் கசிவு மட்டும் வேகம் கூடினால் குறையும்.

கெப்பாசிட்டர் பற்றி இன்னொன்று. சுற்று நம்பகமா என்று பார்க்க வட்டச் சோதனை செய்யுங்கள்: இரண்டு இன்டெக்ரேட்டர், ஒரு இன்வெர்ட்டர், வளையமாக. சைன் அலை வரும், எக்ஸ்-ஒய்யில் வட்டம் தெரியும். 15.9 கிலோ ஓம், 10 நானோ ஃபாரட் போட்டால் 1 கிலோ ஹெர்ட்ஸ். வட்டம் உள்ளே சுருண்டால் கெப்பாசிட்டரின் இழப்பு, வெளியே விரிந்தால் ஒப்-ஆம்பின் தாமதம்.

எண்களாக: டிஎல்074-ன் 3 மெகா ஹெர்ட்ஸ் பட்டையகலத்தில் இன்வெர்ட்டரின் அலை 0.67 மில்லிரேடியன் கோணம் பின்தங்கும், இன்டெக்ரேட்டர் ஒவ்வொன்றும் 0.33. மொத்தம் 1.33. வீச்சு சுற்றுக்கு 0.42 சதவீதம் வளரும். பாலிபுரோப்பிலீனின் இழப்புக் காரணி 0.0002 அளவு, அது 0.13 சதவீதம் தேய்க்கும். மிச்சம் 0.29 சதவீத வளர்ச்சி, 100 சுற்றில் வீச்சு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பாலியெஸ்டர் போட்டிருந்தால் இழப்பு 0.005 அளவில் இருக்கும், சுற்றுக்கு 3 சதவீதம் தேய்ந்து வட்டம் கண்முன்னே மையத்தில் விழும். எக்ஸ்7ஆர் செராமிக் வேண்டவே வேண்டாம். மின்னழுத்தம் மாறினால் அதன் கொள்ளளவே மாறும்.

விரிவதைச் சரிசெய்ய, இன்வெர்ட்டரின் 10 கிலோ ஓம் உள்ளீட்டு ரெசிஸ்டருக்கு இணையாக 15 பிக்கோ ஃபாரட். அலையின் கோணம் 0.94 மில்லிரேடியன் முந்தும், கணக்கு நேராகிவிடும். இஷ்டத்துக்குக் கூட்டாதீர்கள், இன்வெர்ட்டர் தானே அலைபாய ஆரம்பிக்கும்.

#9 | தேடலன்

அருமை. இனி என் இரண்டாவது பாதி: எதிர்காலம்?

#10 | குறுக்குக்கம்பி

இன்றைக்குத் 'திரும்பி வருகிறது' என்று பேசப்படுவது மேலே உள்ள வகை அல்ல. வகைக்கெழுச் சமன்பாட்டு அனலாக் இன்னும் உண்டு. ஜெர்மனியின் அனாபிரிட் நிறுவனம் ஐந்து இன்டெக்ரேட்டர், இரண்டு பெருக்கியோடு மேசைமேல் கற்றல் கருவி ஒன்றை விற்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2000-களின் நடுவில் 80 இன்டெக்ரேட்டர்களை ஒரே சில்லில் வைத்தார்கள். ஆனால் பணம் கொட்டப்படுவது வேறிடத்தில்: நினைவகத்துக்குள்ளேயே அணிப் பெருக்கல்.

காரணம் தரவை நகர்த்தும் ஆற்றல். மார்க் ஹோரோவிட்ஸ் 2014-ல் தந்த 45 நானோமீட்டர் கணக்குப்படி, 32 பிட் மிதவைப்புள்ளிப் பெருக்கலுக்கு 3.7 பிக்கோ ஜூல். அந்த 32 பிட்டை டிராமிலிருந்து (சில்லுக்கு வெளியே உள்ள முதன்மை நினைவகம்) எடுத்து வர 640. கணக்கு மலிவு, போக்குவரத்துதான் விலை. எடைகளை (நரம்பு வலை பயிற்சியில் கற்ற எண்கள்) கடத்துதிறனாகக் கம்பி வலையின் சந்திகளில் எழுதி, உள்ளீடுகளை மின்னழுத்தமாக வரிசைகளில் கொடுத்தால், ஓம் விதி பெருக்கும், கிர்க்காஃப் விதி ஒவ்வொரு நெடுக்குக் கம்பியிலும் கூட்டித் தரும். எடைகள் இடம் நகரவே இல்லை. ஐபிஎம் 2023-ல் வெளியிட்ட 64 கரு சில்லு 256-க்கு 256 வலைகளில் நிலைமாற்றப் பொருளை (சூடாக்கினால் படிக, படிகமற்ற நிலைகளுக்கிடையே மாறி, கடத்துதிறனும் மாறும் பொருள்) கொண்டு இதைத்தான் செய்தது.

காகிதத்தில் அழகு. கட்டும்போது நான்கு இடத்தில் அடி விழும்.

கம்பியின் தடை. சந்தி ஒவ்வொன்றும் 10 மைக்ரோ சீமென்ஸ், 0.2 வோல்ட் என்றால் 2 மைக்ரோ ஆம்பியர். சந்திக்குச் சந்தி கம்பித் தடை 1 ஓம் என்று வைத்தால், 256 வரிசையும் எரியும்போது கடைக்கோடியில் இழப்பு 65 மில்லிவோல்ட், கொடுத்த 200-ல் மூன்றில் ஒரு பங்கு! கடத்துதிறனை 1 மைக்ரோ சீமென்ஸுக்கு இறக்கினால் 6.5 ஆகும். ஆனால் மின்னோட்டம் குறைந்தால் இரைச்சல் தலைதூக்கும்.

நகர்வு. நிலைமாற்றப் பொருளின் கடத்துதிறன் காலத்தின் அடுக்காகக் குறையும், அடுக்கு சுமார் 0.05. எழுதி 1 வினாடியில் இருந்த அளவு ஒரு நாளில் 57 சதவீதமாகிவிடும். எல்லாச் சந்தியும் ஒரே விகிதத்தில் தேய்ந்தால் கடைசியில் ஒரு எண்ணால் பெருக்கிச் சரிசெய்யலாம். சந்திக்குச் சந்தி அடுக்கு வேறுபடும், அந்த வேறுபாட்டை அப்படித் தீர்க்க முடியாது.

எழுதுவது. ஒரே துடிப்பில் கேட்ட மதிப்பு விழாது. எழுதி, படித்து, திருத்தி, மறுபடி படித்து என்று சுற்ற வேண்டும். எதிர்க்குறி எடைக்குச் சந்தி இரண்டாக வேண்டும். ஆகவே பயிற்சி முடிந்த வலையை ஓட்டத்தான் இது, பயிற்சிக்கு அல்ல.

கடைசியாக ஏடிசி, அதாவது அனலாக் அளவை டிஜிட்டல் எண்ணாக மாற்றும் சுற்று. 8 பிட் எடை, 8 பிட் உள்ளீடு, 256 கூட்டல். முழு விடைக்கு 24 பிட் வேண்டும். 24 பிட் ஏடிசியை ஒவ்வொரு நெடுக்குக் கம்பிக்கும் யாரும் வைக்கப் போவதில்லை, 8 பிட்டோடு நிற்பார்கள். அந்த 8 பிட் ஏடிசியே சில்லின் பரப்பிலும் ஆற்றலிலும் பெரும் பங்கைத் தின்றுவிடும். விளம்பரத்தில் வலையின் ஆற்றலை மட்டும் சொல்லி ஏடிசியை விட்டுவிடுகிறார்களா என்று பாருங்கள்.

#11 | இரும_எண்

அந்த 640 பிக்கோ ஜூல் ஒப்பீட்டைத்தான் நானும் எதிர்பார்த்தேன். அது ஒரு எடையை எடுத்து ஒரே முறை பயன்படுத்தித் தூக்கி எறிந்தால் வரும் கணக்கு. யாரும் அப்படிச் செய்வதில்லை. கூகுளின் செயற்கை நுண்ணறிவுச் சில்லான டிபியுவின் முதல் தலைமுறையே 256-க்கு 256 எட்டு பிட் பெருக்கிகளின் அணிவகுப்பு. ஒரு எடையை உள்ளே வைத்தால் நூற்றுக்கணக்கான உள்ளீடுகள் அதன்மீது ஓடும், எடுத்த செலவு பங்காகிவிடும். எடைகளை 4 பிட்டுக்கு இறக்கினால் போக்குவரத்தும் எட்டில் ஒன்றாகிறது. அனலாக் போட்டியிடுவது பழைய 32 பிட்டோடு அல்ல, இந்த 4 பிட்டோடு.

#12 | ஓம்விதி

இரண்டு பேர் சொல்வதும் ஒரே விதியின் இரு முனை. வெப்ப இரைச்சல் வரம்பாக இருக்கும் அனலாக் சுற்றில் ஒரு பிட் துல்லியம் கூட வேண்டுமென்றால் இரைச்சல் மின்னழுத்தம் பாதியாக வேண்டும், அதற்குக் கெப்பாசிட்டர் 4 மடங்கு, ஆற்றலும் 4 மடங்கு. 8 பிட்டிலிருந்து 16-க்குப் போனால் 65,536 மடங்கு. டிஜிட்டலில் அதே தாவலுக்குக் கூட்டியின் செலவு 2 மடங்கு, பெருக்கியின் செலவு சுமார் 4 மடங்கு. ஆகவே எங்கோ இரண்டு கோடுகளும் வெட்டும். அதற்குக் கீழே அனலாக், மேலே டிஜிட்டல். டிஜிட்டல் சில்லுகள் சிறுக்கும்போதெல்லாம் அந்த வெட்டுப்புள்ளி கீழே நகர்ந்தது. இரைச்சல் சிறுக்காது, அதனால் அனலாக்குக்கு அந்த ஆதாயம் கிடைக்கவில்லை.

#13 | சீசா

அனலாக்ல டிஜிட்டலால முடியாத கணக்கெல்லாம் நொடியில தீரும்னு ஒரு காணொளியில சொன்னாங்களே, அது?

#14 | பேட்ச்வயர்

நம்ப வேண்டாம். அப்படிப்பட்ட வடிவமைப்புகளில் சிக்கல் பெரிதாகப் பெரிதாக, ஒன்று மின்னழுத்தத்தின் துல்லியம் அடுக்குமடங்காகக் கூட வேண்டும், அல்லது நிலைபெறும் நேரம் அடுக்குமடங்காக நீளும். செலவு மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஷானன் 1941-லேயே டிஃபரன்ஷியல் அனலைசரின் எல்லையை வரையறுத்தார். காமா சார்பைக்கூட (ஃபேக்டோரியலை முழு எண் அல்லாதவற்றுக்கும் விரிக்கும் சார்பு) அந்த வகை இயந்திரம் நேரடியாகத் தர முடியாது.

#15 | தேடலன்

அப்படியானால் ஒரு அனலாக் சில்லின் தரவுத்தாள் கைக்கு வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

#16 | குறுக்குக்கம்பி

வாட்டுக்கு எத்தனை கோடிக் கணக்கு என்ற எண்ணைக் கடைசியில் பாருங்கள். முதலில் அது எத்தனை பிட் உள்ளீடு, எடை, வெளியீட்டில் அளந்தது. ஏடிசியும், எண்ணை அனலாக் அளவாக மாற்றும் டிஏசியும் உள்ளடக்கமா. ஒரு நேரத்தில் ஒரே உள்ளீடு ஓடும்போதா, மொத்தமாக அடுக்கி ஓடும்போதா. ஒன்றே ஒன்று ஓடும் வேலையில்தான் இரும_எண் சொன்ன பங்கீடு டிஜிட்டலுக்குக் கிடைக்காது, அனலாக்குக்கு உண்மையான இடம் அங்கேதான். மின்கலத்தில் ஓடி எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒலி உணரி மாதிரி. பிறகு எழுதி எத்தனை நாள் கழித்து, எந்த வெப்பநிலையில் அளந்த துல்லியம் என்று தேடுங்கள். எழுதிய உடனே 25 டிகிரியில் எடுத்த எண் மட்டும் இருந்தால், 85 டிகிரியில் ஒரு மாதம் கழித்து என்ன ஆகிறது என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.